வகுப்பைக் கலைக்கும் பிள்ளையைக் கையாள்வது எப்படி: இராமநாதபுரம் கடற்கரைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையிலும் ஒரு பெயர் அடிபட்டுக்கொண்டே இருக்கும். "அவன் வராத அன்னைக்கு வகுப்பு எவ்வளவு நிம்மதியா இருக்கு" என்பார்கள். சில வகுப்புகளில் அது ஒரு பெண்பிள்ளையின் பெயராகவும் இருக்கும். அந்தப் பிள்ளையை வகுப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகளின் படிப்பும் கெடாமல், ஆசிரியரின் தொண்டையும் போகாமல் வேலையை நடத்துவதற்கான வழிமுறை இது.

"இவன் எப்படிப்பட்ட பையன்?" என்ற கேள்விக்கு வகுப்பறையில் உருப்படியான பதில் கிடைக்காது. "இது எந்த நேரத்தில் நடக்கிறது, அதற்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் அவனுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். கீழே வரும் எல்லாமே இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவதுதான்.

பத்து வேலை நாள், ஒரு நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன் 10 வேலை நாட்கள் எழுதுங்கள். 40 பக்க நோட்டு போதும். பாடம் கலைந்த ஒவ்வொரு தடவைக்கும் ஓரிரு வரி: மணி, பாடம், சற்று முன் வகுப்பில் நடந்துகொண்டிருந்தது, பிள்ளை செய்தது, உடனே அடுத்து நடந்தது. கேமரா வைத்திருந்தால் எது பதிவாகுமோ அதை மட்டும் எழுத வேண்டும். "திமிர்", "அடங்கவில்லை", "வேண்டுமென்றே செய்தான்" என்பதெல்லாம் நோட்டில் வரக் கூடாது. "பக்கத்துப் பையனின் பென்சிலைப் பிடுங்கி ஜன்னல் வழியே போட்டான்" என்பது வரலாம்.

ஐந்தாம் வகுப்பு நோட்டு ஒன்றில் இப்படி ஒரு பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"11.20. தமிழ். வரிசையாக உரக்க வாசிக்கிறார்கள். இவனுக்கு முன்னால் இருப்பவன் வாசிக்கிறான். இவன் வாயாலேயே படகு எஞ்சின் சத்தம் போட்டான். நாலு பேர் சிரித்தார்கள். வெளியே போகச் சொன்னேன். வாசிப்பு இவனைத் தாண்டி அடுத்தவனுக்குப் போனது."

கடைசி வாக்கியத்தில் விடை இருக்கிறது. வாசிக்க வேண்டிய முறை வந்தது, சத்தம் போட்டான், முறை தாண்டிப் போனது. வெளியே அனுப்பியது ஆசிரியருக்குத் தண்டனையாகத் தெரியும். அவனுக்கு அது விடுதலை. நாளைக்கும் அதே சத்தம் வரும், இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வரும்.

பத்து நாள் வரிகளைச் சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் நான்கில் ஒன்று தெரியும். ஒரு வேலையிலிருந்து தப்பிக்கிறான். அல்லது யாரோ தன்னைப் பார்க்க வேண்டும் என்று செய்கிறான். அது நீங்களாகவும் இருக்கலாம், பின்பெஞ்சாகவும் இருக்கலாம். அல்லது ஒரு பொருள், ஓர் இடம், ஒரு முறை வேண்டும். அல்லது உடம்பு உட்கார விடவில்லை. ஒரே சேட்டைக்கு இரண்டு பிள்ளைகளிடம் இரண்டு வேறு காரணங்கள் இருக்கும். அதனால்தான் ஒருவனிடம் பலித்த வைத்தியம் அடுத்தவனிடம் பலிப்பதில்லை.

மேலே சொன்ன பையனுக்கு அடுத்த வேலை: தனியாகக் கூப்பிட்டு, இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் காரணம் கைக்கு வந்துவிட்டது. நாளை வகுப்பில் அவன் வாசிக்கப்போகும் 2 வரியை இன்றே காட்டி, மூன்று தடவை உங்களிடம் வாசித்துப் பார்க்க வையுங்கள். மறுநாள் அந்த 2 வரிதான் அவன் முறை. கூடவே தினம் 10 நிமிடம் அவன் நிலைக்கு ஏற்ற வாசிப்புப் பயிற்சியும் வேண்டும். அது இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு ஒப்புக்குத்தான்.

உடம்பு: தூக்கம், பசி, காது, கண்

நோட்டில் நேரங்கள் ஒரே இடத்தில் குவிந்தால், ஒழுக்கத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் உடம்பைப் பாருங்கள்.

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குப் படகு அணையும்போது மீன் பிரிக்கப் போகும் பிள்ளைக்கும், வலையிலிருந்து நண்டு கழற்ற உட்காரும் பிள்ளைக்கும் அது கிடைக்காது. விரல்களைப் பாருங்கள். நண்டுக்கொடுக்கும் நரம்புவலையும் கீறிய கோடுகள் புதிதாக இருந்தால் காலையில் வேலை நடந்திருக்கிறது. தூக்கம் போதாத பெரியவர் கண்ணை மூடுவார். பிள்ளையோ பல சமயம் அதற்கு நேர்மாறாகத் துள்ளும், பக்கத்தில் இருப்பவனை நோண்டும், சின்ன விஷயத்துக்கு அழும். அப்படிப்பட்ட நாளில் மதிய இடைவேளையில் 20 நிமிடம் பாயில் படுக்க விடுவது பிற்பகல் முழுவதையும் காப்பாற்றும். வீட்டில் பேசுவது அதற்குப் பிறகு.

பசியில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆனால் அது 1 முதல் 5 வகுப்பு வரைதான். அஞ்சாவது வரை பள்ளியில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாவதில் வேறு பள்ளிக்குப் போனதும் வெறும் வயிற்றோடு உட்காருகிறது. அம்மா விடியலில் மீன் ஏலத்துக்கோ பாசி எடுக்கவோ போய்விட்டால் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. ஆறாம் வகுப்பில் மூன்றாம், நான்காம் பாடவேளைகளில் மட்டும் கலையும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது: "காலையில என்னப்பா சாப்பிட்ட?" அலமாரியில் ஒரு டப்பா கடலைமிட்டாயோ பொரிகடலையோ இருக்கட்டும். கொடுப்பது மற்றவர்கள் கண்ணில் படக் கூடாது.

காதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பிள்ளைக்குப் பின்னால் 2 அடி தள்ளி நில்லுங்கள். ஒரு காதை விரலால் அடைக்கச் சொல்லி, ரகசியக் குரலில் மூன்று எண்கள் சொல்லுங்கள், "ஏழு, இரண்டு, ஒன்பது" என்பது போல. திருப்பிச் சொல்லட்டும். வேறு மூன்று எண்களோடு இன்னொரு தடவை. ஆறில் மூன்றுகூட வராவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மறு காதுக்கும் இதே சோதனை. சளியும் காதில் சீழும் அடிக்கடி வரும் பிள்ளை, பாதி கேட்காமல் பக்கத்தில் திரும்பி "என்ன சொன்னாங்க?" என்று கேட்கும். அதுவே "எப்பப் பார்த்தாலும் பேச்சு" என்று பெயர் வாங்கிக் கொடுக்கும். கண்ணும் அப்படித்தான். கரும்பலகை தெரியாத பிள்ளை எழுதாது, எழுதாத கை சும்மா இருக்காது. அரசின் பள்ளிச் சிறார் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு தடவை பள்ளிக்கு வரும். அன்றைக்கு உங்கள் நோட்டில் உள்ள பெயர்களை முதல் வரிசையில் நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைகள் அன்றைக்கு வராமல் இருந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுங்கள்.

வகுப்பைத் திருத்துவது

பிள்ளையை மாற்றுவதைவிட அறையை மாற்றுவது சுலபம், பலனும் மறுநாளே தெரியும்.

அந்தப் பிள்ளை, நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து மூன்று எட்டில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கட்டும். கடைசி பெஞ்சு கூடாது. எல்லோருக்கும் காட்டிக்கொடுப்பது போல் முன்னால் தனி நாற்காலியும் கூடாது. வாசலுக்கும், கடற்கரைச் சாலையைப் பார்க்கும் ஜன்னலுக்கும் பக்கத்தில் வேண்டாம். அமைதியான பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம், ஆனால் எப்போதும் அதே பெண்பிள்ளையை அவனுக்குக் காவலாக வைக்காதீர்கள். அது அவள் படிப்பைத் தின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் இடம் மாற்றினால் இவனுக்கு மட்டும் மாற்றியதாகத் தெரியாது.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று கட்டி அடிக்கும்போது தகரக் கூரையும் ஜன்னல் கதவும் சேர்ந்து கத்தும். ஆசிரியர் குரலை உயர்த்துவார், பிள்ளைகளும் உயர்த்துவார்கள், பத்தே நிமிடத்தில் சந்தை இரைச்சல். அந்த மாதங்களில் காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், மறுபக்கம் திறந்திருக்கட்டும். எல்லோரையும் முன்னால் நெருக்கி அரைவட்டமாக உட்கார வையுங்கள். பேச்சைக் குறைத்து, பலகையில் எழுதிச் செய்யும் வேலையைக் கூட்டுங்கள். இது ஒழுங்குப் பிரச்சினையே கிடையாது, ஒலிப் பிரச்சினை.

ஈராசிரியர் பள்ளிகளில் கலகம் எங்கே தொடங்கும் என்பது தெரிந்ததுதான். நீங்கள் நாலாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லும்போது, வேலை முடித்துவிட்ட மூன்றாம் வகுப்பிடம் தொடங்கும். அந்தக் குழுவுக்கு உங்கள் உதவி தேவைப்படாத, 15 நிமிடம் பிடிக்கும், முடித்தால் அடுத்தது என்னவென்று தெரிகிற வேலை பலகையில் இருக்க வேண்டும். "முடிச்சவங்க சும்மா இருங்க" என்பது எந்தப் பிள்ளையாலும் நிறைவேற்ற முடியாத கட்டளை.

பாடம் மாறும் இரண்டு மூன்று நிமிடங்களையும் கவனியுங்கள். நோட்டு எடுப்பது, நோட்டு வைப்பது, தண்ணீர் குடிக்கப் போவது, இடைவேளையிலிருந்து வருவது எல்லாம் இந்த நேரத்தில்தான். முட்டலும் மோதலும் அப்போது முளைத்துப் பாடத்துக்குள் நுழையும். வரிசையாகப் போய் நோட்டு வைப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு வரிசையிலும் ஒருவர் சேகரிக்கட்டும். துள்ளும் பிள்ளைக்கு அந்தச் சேகரிக்கும் வேலையைக் கொடுத்தால் எழுந்து நடக்க அவனுக்கு ஒரு நியாயம் கிடைக்கும். உடம்பு உட்காராத பிள்ளைக்கு 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இப்படி ஓர் அசைவு தேவை: பலகை துடைப்பது, தலைமையாசிரியர் அறைக்குப் பதிவேடு கொண்டுபோவது, வாளியில் தண்ணீர் நிரப்புவது.

விதி நான்கு, சைகை ஒன்று

நான்கு விதிக்கு மேல் வேண்டாம். "செய்யாதே" என்று எழுதாமல் செய்ய வேண்டியதை எழுதுங்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம்; கை தூக்கிவிட்டுப் பேசுவோம்; கையும் காலும் நம்மிடமே இருக்கும்; பொருளைக் கேட்டு எடுப்போம். சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது. முதல் இரண்டு வாரம் தினம் 5 நிமிடம் செய்துகாட்டிப் பழக்க வேண்டும், கணக்கு வாய்ப்பாட்டைப் பழக்குவது போல.

அமைதிக்கு ஒரே சைகை. கைதட்டல் தாளமோ, தூக்கிய கையோ, எதுவானாலும் வருடம் முழுக்க அதேதான். சைகை காட்டிவிட்டுக் காத்திருங்கள். எல்லோரும் அடங்கும் முன் பேசத் தொடங்கினால், அடங்காமலும் இருக்கலாம் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாக ஆகும். "அமைதி! அமைதி!" என்று மேசையைத் தட்டுவது முதல் வாரம் வேலை செய்யும், நாலாவது வாரம் அதுவும் ஒரு சத்தம்.

பெயர் எழுதும் லீடர்

நம் பள்ளிகளில் ஊறிப்போன பழக்கம் ஒன்று இருக்கிறது. ஆசிரியர் வெளியே போகும்போது வகுப்புத் தலைவர் பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவார். இதை விட்டுவிடுங்கள் என்று அழுத்தமாகச் சொல்கிறோம்.

பலகையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் பெயர் எப்போதும் அதே பையன், அவன் அன்று வாயே திறக்காவிட்டாலும். லீடரின் கூட்டாளிகள் பெயர் இருக்காது, இருந்தால் பாதி அழிந்திருக்கும். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகள், "ரொம்ப" என்று ஒரு சொல். நேற்று மிட்டாய் தராதவன் பெயர் இன்று ஏறியிருக்கும். திரும்பி வரும் ஆசிரியர், தான் பார்க்காத ஒன்றுக்குத் தண்டனை கொடுக்கிறார். மாலையில் கடற்கரையில் லீடருக்கு அடி விழுகிறது, மறுநாள் இரண்டு தெருவின் சண்டை வகுப்புக்குள் வருகிறது. பேசாமல் இருந்த நாளிலும் தன் பெயர் ஏறியதைக் கண்ட பையன், பேசாமல் இருப்பதால் பலனில்லை என்று முடிவுகட்டுகிறான்.

வெளியே போக வேண்டியிருந்தால், பலகையில் வேலை எழுதிவிட்டு, பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். லீடருக்கு வேலை வேண்டுமென்றால், வேலையை முடித்தவர்களின் எண்ணிக்கையை எழுதட்டும். பெயர் வேண்டாம்.

அந்த நொடியில் என்ன செய்வது

படிப்படியாகப் போக வேண்டும். கீழ்ப்படியில் முடிகிற காரியத்துக்கு மேல்படிக்கு ஏறக் கூடாது.

பாடத்தை நிறுத்தாமல் முதலில் பார்வை. போதாவிட்டால், பேசிக்கொண்டே நடந்து போய் அவன் பக்கத்தில் நின்று பாடத்தைத் தொடருங்கள். பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால், அவன் நோட்டில் செய்ய வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். பிறகுதான் வார்த்தை. குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில், செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: "மூணாவது கணக்கு. இங்கேயே செய்றியா, அங்கிட்டு ஜன்னலோரமா உக்காந்து செய்றியா?" இரண்டுமே உங்களுக்குச் சம்மதமானதாக இருக்க வேண்டும். சொன்னதும் நகர்ந்துவிடுங்கள். பத்து நொடி அவனைப் பார்க்காதீர்கள். எல்லோர் முன்னும் உடனே கீழ்ப்படிவது அவனுக்குத் தோல்வி. நீங்கள் முகத்தைத் திருப்பினால் கௌரவம் கெடாமல் பென்சிலை எடுக்க அவனுக்கு வழி கிடைக்கும். இந்தப் பத்து நொடியைத் தர முடியாமல் தலைக்கு மேல் நின்று "எடு... எடுடா... எடுக்கிறியா இல்லையா" என்று நெருக்கும்போதுதான் சின்னச் சேட்டை பெரிய மோதலாக மாறுகிறது.

வாதத்துக்கு இழுத்தால் போகாதீர்கள். "அவனும்தான் பேசுனான் டீச்சர்" என்றால், "இருக்கலாம். மூணாவது கணக்கு" என்பதோடு நிறுத்துங்கள்.

மதியத்துக்குப் பிறகு, ஆறிய பின், 5 நிமிடம் தனியாக. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், எதிரெதிரே நின்று வேண்டாம். "ஏன்டா அப்படிச் செஞ்ச?" என்பதற்குப் பிள்ளையிடம் பதில் இருக்காது; "தெரியல" என்பதோ பொய்யோ வரும். நான்கு கேள்வி போதும். என்ன நடந்துச்சு? அப்ப மனசுல என்ன ஓடுச்சு? அதனால யாருக்கு என்ன ஆச்சு? இப்ப எப்படிச் சரிபண்ணலாம்? கடைசிக் கேள்விக்கு அவனே சொல்லும் வழி நியாயமாக இருந்தால் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள். பிடுங்கிய பென்சிலைத் தேடிக் கொடுப்பான், கிழித்த நோட்டை ஒட்டித் தருவான்.

கைகலப்பு என்றால் படிகள் கிடையாது. உரத்த, சுருக்கமான குரலில் பெயர் சொல்லி "நிறுத்து" என்னுங்கள். ஒரு பிள்ளையை அடுத்த ஆசிரியரிடம் ஓடச் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். பார்க்க ஆள் இல்லாத சண்டை சீக்கிரம் ஓயும். காம்பஸ், நாற்காலி, கல் எதுவும் கைக்கு எட்டாமல் செய்யுங்கள். பிரித்த பிறகு இருவரும் வெவ்வேறு இடத்தில் அரை மணி நேரமாவது இருக்கட்டும். ரத்தம் சூடாக இருக்கும்போது "கை குடுங்கடா" என்று சமாதானம் செய்து வைத்தால், அது மாலையில் மணலில் உடையும்.

ஒரு பிள்ளைக்கு மூன்று வாரத் திட்டம்

அறையைத் திருத்தியும் குறையாத பிள்ளைக்கு ஒரு சிறிய அட்டை போடுங்கள். 8 பாடவேளைக்கு 8 கட்டம். ஒரே ஒரு இலக்கு, அளக்கக் கூடியதாக: "கை தூக்கிவிட்டுப் பேசினேன்." காலையில் 2 நிமிடம் அவனைப் பார்த்து அட்டை கொடுக்க வேண்டும், மாலையில் 2 நிமிடம் சேர்ந்து எண்ண வேண்டும். அந்தப் பொறுப்பு ஒரே ஆசிரியருடையது. பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியராக இருந்தால் நல்லது.

நோட்டில் இப்போது 8க்கு 3 பாடவேளை ஒழுங்காக இருக்கிறான் என்று தெரிந்தால், முதல் வார இலக்கு 4. ஏழு என்று வைத்தால் செவ்வாய்க்கிழமையே அட்டையைக் கிழித்துவிடுவான். எட்டினால் கிடைப்பது பெரிய பரிசாக இருக்க வேண்டாம். கடைசி 10 நிமிடம் அவனுக்குப் பிடித்த வேலை: மணி அடிப்பது, கேரம், சின்னப் பிள்ளைகளுக்குத் தூண்டில் முடிச்சு சொல்லிக்கொடுப்பது. இந்தக் கரையில் பத்து வயதுப் பையனுக்கு வலைக்கண்ணி அளக்கவும் வலை பொத்தவும் தெரியும், வாடையும் கொண்டலும் எப்போது வீசும் என்று தெரியும். அந்த அறிவுக்கு வகுப்பில் ஓர் இடம் கொடுத்தால், கவனத்துக்காகச் சத்தம் போடும் தேவை குறையும். கணக்கில் நீளமும், அறிவியலில் ஓதமும் நிலவும் வரும்போது அவனையே எழுப்பிச் சொல்ல வையுங்கள்.

பாராட்டை முதல் 5 நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள், சேட்டை தொடங்கும் முன். வெறும் "குட்" போதாது. "வந்ததும் நோட்டை எடுத்துட்டியே" என்று பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலான திட்டங்கள் முதல் வாரத்திலேயே உடைகின்றன. முன்பு சத்தத்துக்குக் கிடைத்த சிரிப்போ விடுதலையோ கிடைக்காமல் போனதும், பிள்ளை முதலில் சத்தத்தைக் கூட்டிப் பார்க்கும். மூன்றாம் நாள், நாலாம் நாள் முன்பைவிட மோசமாகத் தெரியும். அப்போது ஆசிரியர் பொறுமை இழந்து பழைய வழிக்குத் திரும்பினால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. முதல் வாரம் சேட்டை கூடும் என்று முன்கூட்டியே தலைமையாசிரியரிடமும் மற்ற ஆசிரியர்களிடமும் சொல்லி வையுங்கள். அட்டையில் சம்பாதித்த குறியை இன்னொரு தவறுக்காக அழிக்கவே கூடாது.

கை வைக்கக் கூடாது

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பிரம்பு மட்டுமல்ல, முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, காதைத் திருகுவது, மற்ற பிள்ளையை விட்டுத் தலையில் குட்டச் சொல்வது எல்லாம் இதில் அடங்கும். "டி.சி. கொடுத்துருவேன்" என்ற மிரட்டலுக்கும் 8ஆம் வகுப்பு வரை இடமில்லை, தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று பிரிவு 16 சொல்கிறது.

சட்டம் இருக்கட்டும். "நீ மீன் பிடிக்கத்தான் லாயக்கு" என்ற சொல் அடியைவிட ஆழமாக இறங்கும். அந்தப் பிள்ளையின் அப்பா மீன் பிடித்துத்தான் அவனை வளர்க்கிறார். அதே சொல் அந்த வகுப்பில் உள்ள பாதிப் பிள்ளைகளின் வீட்டையும் இழிவுபடுத்துகிறது. சாதி, தெரு, அம்மாவின் தொழில், அப்பாவின் குடி எதுவும் ஆசிரியர் வாயில் வரக் கூடாது. விளையாட்டுப் பாடவேளையைப் பறிப்பதும் வேண்டாம். ஓட வேண்டிய உடம்பை உட்கார வைத்தால் அடுத்த பாடவேளையில் அது வெடிக்கும்.

வீட்டாரிடம் எப்போது, எப்படி

பள்ளி நேரத்தில் கூப்பிட்டால் பலர் வர மாட்டார்கள். அக்கறை இல்லாததால் அல்ல. அப்பா கடலில், அம்மா ஏலக்கூடத்தில் அல்லது கருவாட்டுக் களத்தில். இராமேசுவரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் சில நாட்கள்தான் கடலுக்குப் போகும். போகாத நாள் எது என்று ஊரில் கேட்டால் சொல்வார்கள். கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறு மாலை, முஸ்லிம் ஊர்களில் வெள்ளி தொழுகைக்குப் பின் வீட்டில் ஆள் இருக்கும். அப்பா வளைகுடாவில் என்றால் முடிவெடுப்பவர் பாட்டனாராகவோ மாமாவாகவோ இருக்கலாம். யாரிடம் பேச வேண்டும் என்பதை அம்மாவிடமே கேளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா கரையில் இருப்பார், பேச நல்ல நேரம்தான். ஆனால் கையில் காசு இருக்காது, கடன் ஏறியிருக்கும். பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரங்களில் பிள்ளைகள் எரிச்சலோடு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். நோட்டுக்கும் காலணிக்கும் கெடு வைத்து மிரட்டாதீர்கள்.

முதல் சந்திப்பிலேயே புகார் வேண்டாம். புகாரோடு தொடங்கினால் அன்றிரவு பிள்ளைக்கு அடி விழும், அடுத்த தடவை அந்தப் பிள்ளை கடிதத்தை வீடு கொண்டுபோகாது. பேச்சின் வரிசை: ஒரு நல்ல செய்தி, நோட்டிலிருந்து இரண்டு உண்மை, ஒரே ஒரு கோரிக்கை.

"வாங்கம்மா, உக்காருங்க. தம்பி சின்னப் பிள்ளைகளை நல்லாப் பாத்துக்கிறான், நேத்துகூட ஒருத்தனுக்கு அடிபட்டப்ப இவன்தான் தூக்கிட்டு வந்தான். ஒரு விஷயம் மட்டும், போன வாரம் மூணு நாளு மூணாவது பீரியட்ல தூங்கிட்டான், எழுப்புனா சண்டை போடுறான். வெள்ளனத்தில நண்டு கழட்டப் போறானாம்மா? பள்ளிக்கூடம் இருக்கிற நாள்ல மட்டும் அவனைத் தூங்க விட முடியுமா?"

கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அக்கா என்பதற்கு "லாத்தா" என்பார்கள், அப்படியே தொடங்குங்கள். பெரியவர்களை "ஐயா" என்னுங்கள். "உங்க பையனை அடக்கி வைங்க" என்று சொல்லி அனுப்பும் ஆசிரியருக்கு அடுத்த சந்திப்பு கிடைக்காது. அடித்துத் திருத்தச் சொல்லும் அப்பாக்களும் உண்டு: "கண்ணை மட்டும் விட்டுட்டு உரிச்செடுங்க சார்." அதற்கு, "அடிச்சாப் பொய் சொல்லத்தான் பழகுவான் ஐயா, நாம வேற வழியில போவோம்" என்று அட்டையைக் காட்டுங்கள்.

14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பள்ளிக்கு வராமல் படகில் போவது தெரிந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஊர்க்காரர் மூலம் முதலில் பேசுங்கள். திரும்பாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்ல வேண்டும். கோடை முழுக்கக் கடலுக்குப் போய்ச் சம்பாதித்துவிட்டு வரும் எட்டாவது, ஒன்பதாவது பையன்கள் ஜூனில் பெஞ்சில் உட்காரத் திணறுவார்கள். அவர்களைக் "குழந்தை" என்று நடத்தினால் முட்டல்தான். "வாப்பா, இந்த மேசையை ஒரு கை பிடி" என்று பொறுப்புக் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

கடலில் ஏதோ நடந்த நாள்

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய நாளிலும், படகு கரை திரும்பாத நாளிலும், இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்த நாளிலும் பத்து நாள் நோட்டு செல்லாது. அன்று புதுப் பாடம் வேண்டாம். எழுத்துவேலை, ஓவியம், தெரிந்த கணக்கு போதும்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் பழக்கம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. வாசிக்கும் தாளை முன்கூட்டியே ஓர் ஆசிரியர் பார்த்துவிடுங்கள். "மீனவர்கள் சிறைபிடிப்பு" என்ற தலைப்பை ஒரு பிள்ளை ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது, மூன்றாவது வரிசையில் அந்தப் படகில் போனவரின் மகள் கைகட்டி நின்றுகொண்டிருக்கலாம்.

அந்தப் பிள்ளையை வகுப்பின் முன் விசாரிக்காதீர்கள். "ஏதாவது வேணும்னா என்கிட்ட வா, சொல்லணும்னு கட்டாயம் இல்ல" என்று தனியாக ஒரு தடவை சொல்லிவிட்டு, இடம் மாறி உட்கார விடுங்கள். இப்படிப்பட்ட நாளுக்குப் பின் வரும் சேட்டை வாரக்கணக்கில் நீடிக்கும். அப்பா திரும்பிய பிறகும் சில நாள் இருக்கும்.

வேறு கைகள் தேவைப்படும்போது

ஆறு மாதத்துக்கு மேலாக, வீட்டிலும் பள்ளியிலும், விளையாட்டிலும்கூட, தன் வயதுப் பிள்ளைகளைவிட மிக அதிகமான துறுதுறுப்பும் கவனச் சிதறலும் இருந்தால், மருத்துவர் பார்க்க வேண்டும். வகுப்பில் மட்டும் என்றால் காரணம் பெரும்பாலும் வகுப்பில்தான் இருக்கும். நன்றாகப் பேசும் பிள்ளை எழுத்தைத் தலைகீழாக எழுதி, வாசிப்பில் இரண்டு மூன்று வகுப்பு பின்தங்கினால், கற்றல் குறைபாடா என்று பார்க்க வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் பத்து நாள் நோட்டைக் கொடுங்கள், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அவர் வழிகாட்டுவார். நோயின் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். தர்காவுக்கோ கோயிலுக்கோ கூட்டிப்போய் மந்திரிக்கிறோம் என்று வீட்டில் சொன்னால் மறுக்க வேண்டாம்: "அங்கயும் போங்கம்மா, டாக்டரையும் ஒரு தடவை பாத்துருவோம்."

இதுவரை அமைதியாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால், தொட்டால் துள்ளினால், ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு ஒதுங்கினால், வீட்டுக்குப் போகத் தயங்கினால் எச்சரிக்கையாகுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் கேளுங்கள், துருவாதீர்கள், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சொன்ன சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19இன்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1098 எந்நேரமும் எடுப்பார்கள். பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணில் பிள்ளையும் பேசலாம், ஆசிரியரும் பேசலாம். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கும் விஷயம் இதில் கிடையாது.

அடுத்த ஆசிரியருக்கு ஒரு பக்கம்

ஏப்ரலில், வகுப்பை விடும் முன், அந்தப் பிள்ளைக்காக ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். அவன் பெயர் ஆசிரியர் அறையில் ஏற்கெனவே அடுத்தவர் காதுக்குப் போயிருக்கும். அதற்கு முன்னால் இந்தப் பக்கம் போக வேண்டும். எந்தப் பாடவேளையில் கலைவான், எதற்கு முன், எங்கே உட்கார்ந்தால் நல்லது, எந்தக் காது சரியாகக் கேட்காது, எந்த வேலையை விரும்பிச் செய்வான், வீட்டில் யாரிடம் எந்த நாளில் பேச வேண்டும், அட்டையில் எத்தனையில் தொடங்கி எத்தனையில் முடித்தான். "வாசிக்க 2 வரியை முந்தின நாளே காட்டினால் சத்தம் போட மாட்டான்" என்பது போன்ற வரிகள் அதில் இருக்கட்டும். மடித்து, ஜூனில் புது வகுப்பாசிரியரின் கையில் நேராகக் கொடுத்துவிடுங்கள்.